நவாஹோ கோலம், பானிபட் தறி, ராபர்ட்சன்பேட்டை ஹால்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் புது வீடு கட்டுகிறவர்களானாலும் சரி, பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களானாலும் சரி, டைல்ஸ் ஒட்டி, சோபா இறக்கி, டிவி யூனிட் அடித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் தரையைக் குனிந்து பார்க்கிறார்கள். "ஹால் மொட்டையா இருக்கே, நடுவுல ஏதாவது போடணும்" என்று அம்மா சொல்ல, தினமும் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் போய்வரும் மகனோ மகளோ செல்போனை நீட்டுகிறார்கள். திரையில் செங்கல் சிவப்பு, மணல் நிறம், கறுப்பு, நடுநடுவே கொஞ்சம் நீலப்பச்சை. படிபடியாக ஏறி இறங்கும் வைரக் கட்டங்கள், வெட்டி வெட்டிப் போகும் கோடுகள். கீழே ‘சவுத்வெஸ்டர்ன் ரக்’ என்று போட்டிருக்கிறது. சில கடைகளில் ‘ஆஸ்டெக்’, சில கடைகளில் ‘டிரைபல்’, இன்னும் சிலவற்றில் ‘சான்டா ஃபே’. சரக்கு ஒன்றுதான்.

அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் யூட்டாவும் சேரும் வறண்ட பீடபூமியில் வாழும் நவாஹோ மக்களின் கோலம் அது. ஆனால் நம் கைக்கு வருகிற துண்டு அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. பெரும்பாலும் ஹரியானாவின் பானிபட்டிலோ, உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாப்பூர் பக்கமோ தறியில் ஏறியிருக்கும். இல்லாவிட்டால் எங்கோ ஓர் ஆலையில் மெஷின் அடித்துத் தள்ளியிருக்கும். அமெரிக்கக் கடைகளில் கிடக்கும் ‘சவுத்வெஸ்டர்ன்’ விரிப்புகளிலும் கணிசமானவை இந்தியாவிலிருந்து கப்பலேறியவைதான். ஆக, பானிபட்டில் நெய்து அமெரிக்கக் கடைக்குப் போன கோலம், அங்கிருந்து விளம்பரப் படமாகத் திரும்பி வந்து ராபர்ட்சன்பேட்டை ஹாலில் இடம் கேட்கிறது.

வாங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கோலம் அழகு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கோலத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம். விரிப்பை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் முதுகை. அடுத்து, தன் வீட்டுத் தரையையும் தன் ஊர்க் காற்றையும். தங்கவயல்காரர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் கூடுதலாகவே பொருந்தும்.

போர்வையாக இருந்தது, தரைக்கு வந்தது

நவாஹோ பெண்கள் முதலில் தரைக்காக நெய்யவில்லை; தோளில் போர்த்திக்கொள்ள நெய்தார்கள். ஆடுகளை ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். சுர்ரோ என்ற அந்த ஆட்டின் ரோமம் நீளமானது, முரடானது, எண்ணெய்ப் பசை குறைந்தது. தண்ணீருக்குத் திண்டாட்டமான ஊரில் அதிகம் கழுவாமலே நூற்க முடிந்தது. நின்ற தறியில் நெய்யும் முறையைப் பக்கத்திலிருந்த பூப்ளோ மக்களிடமிருந்து கற்றார்கள்.

1800 முதல் 1850 வரையிலான காலத்துப் பழைய ‘தலைவர் போர்வை’களில் வைரமும் கிடையாது, மின்னலும் கிடையாது. வெள்ளை, கருமை கலந்த பழுப்பு, அவுரி நீலம் மூன்றும் அகலப் பட்டைகளாகக் குறுக்கே ஓடும், அவ்வளவுதான். பிறகு அந்தப் பட்டைகளுக்குள் சிவப்புச் செவ்வகங்கள் நுழைந்தன. அதற்கும் பிறகுதான் படிக்கட்டு வைரங்கள். சிவப்புக்கு அவர்களிடம் நல்ல சாயம் இல்லை. வியாபாரிகள் கொண்டுவந்த சிவப்புக் கம்பளித் துணியை நூல் நூலாகப் பிரித்து, அதையே மறுபடி நெய்தார்கள். பட்டை மட்டுமே போட்ட ஒரு பழைய போர்வை 2012இல் கலிபோர்னியாவில் ஏலத்துக்கு வந்து 18 லட்சம் டாலருக்குப் போனது. அதுவரை அது ஒரு வீட்டில் சாதாரணப் பழைய போர்வையாகக் கிடந்திருக்கிறது.

1864இல் அமெரிக்க ராணுவம் நவாஹோ மக்களைச் சொந்த மண்ணிலிருந்து நடத்தியே துரத்தியது. 1868இல் திரும்பி வந்தபோது ஆடும் இல்லை, வாழ்க்கையும் பழையபடி இல்லை. 1880களில் ரயில் வந்தது. ரயிலோடு மில் போர்வையும் வந்தது. இனி கையால் நெய்த போர்வையை யார் போர்த்துவார்கள்? அங்கே கடை வைத்திருந்த வெள்ளைக்கார வியாபாரிகள் வேறு வழி காட்டினார்கள்: கனமாக நெய்யுங்கள், ஓரத்தில் பார்டர் போடுங்கள், கிழக்கே நியூயார்க் பக்கத்து வீடுகளின் தரைக்கு விற்கலாம். 1878இல் கனாடோ என்ற ஊரில் கடையை வாங்கிய லோரென்சோ ஹப்பெல் அடர் சிவப்பை விரும்பினார். இன்றைக்கும் ‘கனாடோ சிவப்பு’ என்றே அது நிற்கிறது. கிரிஸ்டல் என்ற ஊரில் கடை வைத்திருந்த ஜே.பி. மூர் 1903இலும் 1911இலும் கேட்டலாக் அச்சடித்துத் தபாலில் விற்றார். கீழைநாட்டுக் கம்பளங்களின் சாயல் நவாஹோ கோலத்துக்குள் ஏறியது இந்த வியாபாரிகளின் காலத்தில்தான். ‘ஆதி காலத்துப் பழங்குடிக் கோலம்’ என்று விளம்பரம் சொல்வதில் பாதி, கடைக்காரர் கேட்டு வாங்கிய கோலம்.

வருடங்களைக் கவனியுங்கள். ஹப்பெல் கடை வாங்கி இரண்டே வருடத்தில், 1880இல், ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்ட இறங்கியது. அங்கே ரயில் வந்து போர்வை தரைவிரிப்பானது. இங்கே வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துச் சனங்கள் சுரங்கக் கூலிகளாகி மூங்கில் தட்டி வீடுகளில் குடியேறினார்கள். பவானியிலும் அதே 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான், சீமைத் துணியோடு போட்டி போட முடியாத ஜங்கமர் நெசவாளர்கள் முரட்டுக் கலர் நூலை எடுத்து ஜமக்காளம் நெய்ய ஆரம்பித்தார்கள். மில் துணி வந்து வயிற்றில் அடித்த இடங்களில் எல்லாம் நெசவாளி தரையைத் தேடிப் போயிருக்கிறான்.

இன்னொரு ஒற்றுமை சந்தோஷமானதல்ல. 1944 முதல் 1986 வரை நவாஹோ மண்ணில் யுரேனியம் தோண்டினார்கள். 500க்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கைவிட்டுப் போனார்கள். அந்தத் தூசோடும் தண்ணீரோடும் அந்த மக்கள் இன்னும் மல்லாடுகிறார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடிய சுரங்கத்தின் பக்கத்தில் வாழும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதுகைத் திருப்பு

கடையில் விரிப்பை விரித்துப் போட்டதும் கடைக்காரர் சொல்லும் முதல் வார்த்தை, "ஹேண்ட்மேட் மேடம்." சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு மூலையைப் பிடித்துத் திருப்புங்கள்.

பின்பக்கம் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு துணி ஒட்டியிருந்தால், அது நெய்ததே அல்ல. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் துணியில் நூலைக் குத்தி ஏற்றி, நழுவாமலிருக்கப் பின்னால் ரப்பர் பால் தடவி, அதன்மேல் துணி ஒட்டியது. டஃப்டட் என்பார்கள். கைவேலைதான், பொய் இல்லை. ஆனால் சில வருடங்களில் ரப்பர் காய்ந்து மாவாக உதிரும். மழைக்காலத்தில் வாடை வரும். நனைத்துத் துவைக்கவும் முடியாது.

பின்பக்கம் சணல் மாதிரி கட்டம் கட்டமாக, ஒரே சீராக, பிளாஸ்டிக் பளபளப்போடு இருந்தால் மெஷின். நூல் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். விலை குறைவு, சாயம் போகாது. வாடகை வீட்டுக்கும், குழந்தை பாலைக் கொட்டும் வீட்டுக்கும் தாராளமாக வாங்கலாம். ஆனால் அயர்ன் பாக்ஸ், ஊதுவத்தி, தீபாவளி மத்தாப்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பொறி பட்டால் உருகிக் கட்டியாகும், தீயும் பிடிக்கும்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கோலம், ஒரே நிறம் என்றால் அது தட்டை நெசவு. கைத்தறியில் நெய்த ‘தரி’யாக, அதாவது வடக்கத்தி ஜமக்காளமாக, இருக்க வாய்ப்பு உண்டு. இதைத்தான் நாம் தேட வேண்டும். நவாஹோ விரிப்பு தட்டை நெசவு; பவானி ஜமக்காளம் தட்டை நெசவு; கர்நாடகத்தின் நவல்குந்து ஜமக்கானாவும் தட்டை நெசவு. பாவு நூல் வெளியே தெரியாதபடி ஊடை நூலை அடித்து இறக்கி நெய்வார்கள். வடக்கே அப்படி அடிக்க இரும்பில் விரல் விரலாகச் செய்த ‘பஞ்சா’ வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ‘பஞ்சா தரி’ என்ற பெயர்.

அந்தப் படிக்கட்டு வைரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் விடை இந்த நெசவில்தான் இருக்கிறது. இந்த முறையில் ஒரு நிறத்து ஊடை நூல் தன் எல்லை வரைக்கும் போய்த் திரும்பிவிடும். அடுத்த நிறம் அங்கிருந்து தொடங்கும். இரண்டு நிறங்களுக்கு நடுவே எல்லைக்கோடு நேர்ச் செங்குத்தாக நீண்டால், அந்த இடத்தில் துணி இரண்டாகப் பிளந்து நிற்கும். பிளக்காமலிருக்க நூல்களை ஒன்றோடொன்று கோத்து நெய்யலாம். இல்லாவிட்டால் எல்லையை ஒவ்வொரு படியாக நகர்த்தலாம். நகர்த்தினால் படிக்கட்டு. படிக்கட்டு நான்கு பக்கமும் கூடினால் வைரம். அரிசோனாவிலும் துருக்கியிலும் நவல்குந்திலும் ஒரே மாதிரிக் கோலம் வருவதற்குத் தறியின் இந்தப் பிடிவாதமும் ஒரு பெரிய காரணம்.

அசல் நவாஹோ விரிப்பு நம் கடைக்கு வராது. வந்தாலும் நம்மில் பலருக்கு விலை எட்டாது. ஆனாலும் அடையாளம் தெரிந்திருப்பது நல்லது, வெளிநாட்டுப் பிள்ளை வாங்கி அனுப்பினால் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் பாவு ஓடுவது ஒரே தொடர் நூல். நான்கு ஓரமும் தறியிலேயே முடிந்துவிடும். அதனால் இரு முனையிலும் குஞ்சம் தொங்காது. மூலைகளில் மட்டும் சின்னக் குச்சம் இருக்கலாம். உற்றுப் பார்த்தால் ஒற்றை நிறப் பரப்பிலும் சாய்வாக மெல்லிய தழும்புக் கோடுகள் தெரியும். நெய்கிறவர் முழு அகலத்துக்கும் நகராமல், கை எட்டும் பகுதியை முதலில் நெய்துவிட்டு அடுத்ததற்குப் போவதால் வருவது. சாய்கோடு இல்லாமல் முனையில் பாவு வெட்டிக் குஞ்சம் கட்டியிருந்தால், அது வேறு ஊர் நெசவு.

நெய்த ஊரை மறைத்து விற்பது அங்கேயும் வழக்கு மன்றம் வரை போயிருக்கிறது. பழங்குடிகள் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதைக் குற்றமாக்கி அமெரிக்கா 1990இல் சட்டம் போட்டது. அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் என்ற பெரிய துணிக் கம்பெனி தங்கள் பெயரை உபயோகித்தது என்று நவாஹோ தேசம் 2012இல் வழக்குப் போட, 2016இல் சமரசமானது. கடைகள் இன்று ‘சவுத்வெஸ்டர்ன்’ என்று பூசி மெழுகுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளம் கைத்தறிக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருந்தும் விசைத்தறிச் சரக்கு ‘பவானி’ என்று சொல்லிக்கொண்டு சந்தையில் நடமாடத்தான் செய்கிறது.

மேட்டுக் காற்று

இனி நம் தரைக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து 2,700 அடிக்கு மேலே இருக்கிற ஊர். மார்கழி தை இரவுகளில் டைல்ஸில் கால் வைத்தால் சுரீர் என்கிறது. பழைய ஆபீசர் பங்களாக்களில் கணப்பு அடுப்பு கட்டியது சும்மா இல்லை. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கணப்பு கிடையாது, கம்பளிதான். ஆக விரிப்புக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. சென்னை வீட்டில் போல வெறும் ஷோவுக்கு இல்லை.

ஆனால் தூசு. சுரங்கத்திலிருந்து வந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்து, மிச்சத்தைக் கொட்டிய மேடுகள் 13. அவை ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரவிக் கிடக்கின்றன. அந்த மேடுகளை மறுபடி கிளறித் தங்கம் எடுக்க ஏலம் விடும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு சொன்னது. அது எப்போது நடக்குமோ, அதுவரை கோடையிலும் ஆடிக் காற்றிலும் அந்த நைஸ் மணல் கதவிடுக்கில் நுழைந்து டீப்பாய் மேல் படியத்தான் செய்யும். சாதாரண வீட்டுத் தூசு போல மெத்தென்று இருக்காது, அரைத்த கல். கண்ணுக்குத் தெரியாத முனைகள் உள்ளது. விரிப்பின் அடியில் போய் உட்கார்ந்தால், நாம் மேலே நடக்க நடக்க நூலை அடியிலிருந்து அறுக்கும். அறைக்குள் உதறினால் மூச்சுக்குள் போகும். அப்பாவோ தாத்தாவோ சிலிக்கோசிஸில் இருமியதைக் கேட்டு வளர்ந்த வீடுகளில் இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் என் கட்சி இதுதான்: தங்கவயல் வீட்டுக்குப் புசுபுசு கார்ப்பெட் ஆகாது. விரல் புதையும் ‘ஷாகி’ ரகம் ஷோரூமில் கையால் தடவும்போது சொர்க்கம். இங்கே வந்து ஒரே வருடத்தில் மணல் மூட்டை. வாக்குவம் கிளீனர் மேலே இருப்பதை இழுக்கும், அடியில் இறங்கியதை விட்டுவிடும். தட்டை நெசவு என்றால் சுருட்டித் தோளில் போட்டு மாடிக்குக் கொண்டுபோகலாம். கம்பியில் போட்டு, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசுகிற மாதிரி நின்று, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பின்பக்கமிருந்து அடிக்கலாம். ஈரத்துணியால் தரையைத் துடைத்து, காய்ந்த பிறகே மறுபடி விரிக்க வேண்டும்.

தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியுமா என்பதையே நான் அளவுக்கான முதல் சோதனையாக வைப்பேன். எட்டுக்குப் பத்தடி கம்பளி விரிப்பு, வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் ஒரு தண்டனை. பிள்ளைகள் எல்லாரும் பெங்களூரில், சௌதியில், ஆஸ்திரேலியாவில் என்றிருக்கும் ஊர் இது. நான்குக்கு ஆறு, ஐந்துக்கு ஏழு போதும்.

அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பழைய தினசரித் தாள்களை விரித்து, செல்லோடேப் ஒட்டி, நினைத்திருக்கும் அளவில் ஹாலில் போட்டு ஒரு நாள் புழங்கிப் பாருங்கள். சோபாவின் முன்கால்கள் இரண்டும் தாள் மேல் நிற்கட்டும். உள்ளே திறக்கிற கதவு தாளை உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் நெய்த விரிப்பில் கட்டாயம் மாட்டும். சுவரோரம் ஒரு அடியாவது தரை தெரிந்தால்தான் ஹால் மூச்சு விடும். பத்துக்குப் பத்து லைன் வீட்டு முன்னறையில் நடுவில் எதுவும் போட இடமிருக்காது. திவான் ஓரமாக மூன்றுக்கு ஐந்து ஒன்று போதும்.

அமெரிக்க வீட்டு அலங்காரப் புத்தகங்கள் சொல்லாத ஒன்று உண்டு. அங்கே பல வீடுகளில் விரிப்பின் மேல் செருப்புக்காலோடு நடக்கிறார்கள். நாம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, விரிப்பின் மேல் சம்மணம் போட்டு உட்காருகிறோம், பட்டாணி உரிக்கிறோம், பேரனைத் தூங்கவைக்கிறோம், கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருகிறோம். நம் விரிப்பு தொடைக்கும் முழங்கைக்கும் உறுத்தக் கூடாது. முரட்டுக் கம்பளி குத்தும். பருத்தி குத்தாது, துவைக்கலாம், கோடையில் சுடாது. குளிருக்குக் கம்பளிதான் வேண்டும் என்றால், அடியில் பருத்தி ஜமக்காளம் விரித்து, மார்கழியில் மட்டும் மேலே கம்பளி போடுங்கள். சணல் விரிப்பு பார்க்கக் கிராமியமாக இருக்கும்; தண்ணீர் பட்டால் கறை, முழங்காலுக்குப் பகை. பட்டு போல் மின்னும் விஸ்கோஸ் ரகத்தை நம் வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு டம்ளர் காபி போதும், அதன் ஆயுசு முடிய.

நவல்குந்தும் பவானியும் செள்ளக்கெரேயும்

அந்த வைரக் கோலம்தான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால், அதற்கு அரிசோனா போக வேண்டாம். நம் மாநிலத்திலேயே தார்வாட் மாவட்டத்தில் நவல்குந்து இருக்கிறது. அங்கே பெண்கள் நின்ற தறியில் பருத்தி ஜமக்கானா நெய்கிறார்கள். கட்டங்கள், படி வைரங்கள், சதுரங்களாக நிற்கும் மயில்கள், தாயக்கட்டம். 2011இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்கிற கைகள் மிகக் குறைவு. கேட்டவுடன் கேட்ட அளவு கிடைக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கும். சிவப்பும் நீலமும் பச்சையும் மஞ்சளும் கூச்சமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஷோரூம் ரசனைக்கு அது கொஞ்சம் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். சாம்பல் சோபா, வெள்ளை டைல்ஸ் என்று ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிற ஹாலுக்கு ஒரே ஒரு நவல்குந்து துண்டு உயிர் கொடுத்துவிடும்.

பவானி கூடுதுறையை எல்லாருக்கும் தெரியும். ஈரோட்டிலிருந்து ஜமக்காளம் வராத தமிழ்க் கல்யாணம் ஏது? 2005-06இலேயே அதற்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது. முரட்டுப் பருத்தி நூலில் அகலப் பட்டைகளாக ஓடுவது ஒரு ரகம். செயற்கைப் பட்டில் ஓரக் கரையில் பூவும் கோலமும் வைத்தது இன்னொரு ரகம். முதல் ரகத்தைக் கல்யாண மண்டபத்து நினைப்பை விட்டுவிட்டுப் பாருங்கள். குறுக்கே ஓடும் அகலப் பட்டைகள், அடர் நிறங்கள். 18 லட்சம் டாலருக்குப் போன அந்தப் போர்வையின் இலக்கணமும் அதுதான். அவுரி நீலமும் வெள்ளையும் கறுப்பும் மட்டும் வைத்து நான்குக்கு ஆறு அளவில் நெய்து தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எந்த ‘சவுத்வெஸ்டர்ன்’ துண்டுக்கும் அது சளைக்காது. பட்டைக் கோலத்தில் இன்னொரு வசதி, நடுவில் டீப்பாய் போட்டாலும் எதுவும் மறையாது. நடுவில் ஒரே பெரிய வைரம் வைத்த விரிப்பை வாங்கி, அதன் மேல் டீப்பாயை நிறுத்திவிட்டு, கோலத்தைத் தேடுகிற வீடுகள் உண்டு.

கம்பளி வேண்டுபவர்களுக்கு சித்ரதுர்கா மாவட்டத்து செள்ளக்கெரே. அங்கே குருபர்கள் தக்காணி ஆட்டின் ரோமத்தில் கறுப்புக் கம்பளி நெய்கிறார்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை போட்டுத் தூரிகையால் இழுத்து இழுத்து விறைப்பாக்கி நெய்வார்கள். சுர்ரோ ஆடு போலவே இதுவும் முரட்டு ரோமம். தொட்டால் சொரசொரப்பு, உழைப்பில் இரும்பு. கோலம் எதுவும் கிடையாது, ஓரத்தில் ஒரு கோடு இருந்தால் உண்டு. நவாஹோ நெசவிலும் பெரும்பாலும் சாயம் போடாமல் ஆட்டின் இயற்கைக் கறுப்பு, பழுப்பு, சாம்பலை மட்டும் வைத்து நெய்யும் ‘டூ கிரே ஹில்ஸ்’ ரகத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கறுப்புக் கம்பளியைச் சிவப்புத் தரையில் போட்டுப் பார்த்தால் அவர்கள் சொல்வது புரியும்.

வேலூரையும் சொல்லிவிட வேண்டும், நம்மில் பலருக்குப் பூர்வீகம் அந்தப் பக்கம் என்பதால். வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர் ஜெயிலில் கைதிகள் நெய்த கம்பளங்களுக்குப் பெயர் இருந்தது. ஹென்றி ஹாரிஸ் என்பவர் 1908இல் மெட்ராஸ் அரசாங்கத்துக்காகத் தென்னிந்தியக் கம்பள நெசவைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். நமக்குக் கம்பளம் அந்நியச் சரக்கு என்று நினைப்பவர்கள் அதைப் புரட்ட வேண்டும்.

நிறம், சாயம், கால் வழுக்கல்

பழைய வீட்டின் காவிச் சிவப்பு ஆக்சைடு தரைக்குச் செங்கல் சிவப்பு விரிப்பு வாங்காதீர்கள். தரையும் விரிப்பும் ஒன்றாகிக் கால் தடுக்கும். நீலம், வெள்ளை, கறுப்புத் தூக்கலாக இருப்பது அங்கே எடுப்பு. வெள்ளை டைல்ஸுக்கு அந்தச் செங்கல் சிவப்பும் மணல் நிறமும் ஜோர். சாயந்தர வெயில் நேராக விழுகிற மேற்கு ஜன்னல் பக்கம் போட்டால் எந்தச் சாயமும் வெளுக்கும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போடுங்கள், ஒரு பக்கம் மட்டும் வெளுக்காமலிருக்கும்.

கடையிலேயே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, சிவப்பின் மேல் அழுத்தித் தேயுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். குட்டையில் நிறம் ஒட்டினால், முதல் துவையலில் உங்கள் வெள்ளைப் பட்டை ரோஸ் ஆகிவிடும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நூலைக் கேட்டு வாங்கி, வெளியே போய்க் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாடை என்றால் பருத்தி. முடி கருகுகிற நாற்றம் என்றால் கம்பளி. உருகிக் குண்டுமணியாக இறுகினால், "பியூர் ஊல் சார்" என்று சொன்னவரிடம் விலையை மறுபடி பேசலாம். கைத்தறி முத்திரை 2006இலிருந்து இருக்கிறது. புவிசார் குறியீட்டு அட்டை இருந்தால் இன்னும் நல்லது. வடக்கத்தி கம்பளமென்றால் குட்வீவ் அட்டையைப் பாருங்கள், குழந்தைத் தொழிலாளர் நெய்யவில்லை என்பதற்கு. 1994இல் ரக்மார்க் என்ற பெயரில் கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று தொடங்கியது அது.

தட்டை நெசவுக்கு ஒரே ஒரு கெட்ட குணம், டைல்ஸில் வழுக்கும். அடியில் போட ரப்பர் வலை தனியாக விற்கிறார்கள். விரிப்பைவிட நான்கு பக்கமும் ஒரு அங்குலம் சின்னதாக வெட்டிப் போடுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் நீளக் குஞ்சத்தை உள்பக்கம் மடித்துத் தைத்துவிடுங்கள்; கைத்தடி முனையில் சிக்குவது அதில்தான்.

கம்பளிக்குப் பூச்சி வரும். சுருட்டி வைக்கும்போது வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். மடிக்கக் கூடாது, சுருட்ட வேண்டும். மடித்த இடத்தில் பாவு ஒடியும். பருத்தியை வருடத்துக்கு ஓரிரு முறை துவைத்தால் போதும். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சோப்பு, தரையில் போட்டு மென்மையான பிரஷ், நிறைய அலசல். நனைந்த ஐந்துக்கு ஏழு ஜமக்காளத்தை ஒருத்தர் தூக்க முடியாது, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சித்திரையில் துவைப்பது உத்தமம். ஐப்பசி மழையில் துவைத்துவிட்டுக் காயவைக்க இடம் தேடினால், அந்த வாடை தைப்பொங்கல் வரைக்கும் ஹாலை விட்டுப் போகாது.